ஈக்வடார் தலைநகர் கித்தோவின் மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்: அடையாளப் பறவைக்குப் பணமும் ஒதுக்குங்கள்

மாண்புமிகு மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2005ல் கருமார்புப் பஞ்சுக்கால் என்ற ரீங்காரச்சிட்டை (ஹம்மிங்பேர்டை) கித்தோ நகரின் அடையாளப் பறவையாக அறிவித்தீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சமாரித்தோ என்பார்கள். அறிவித்து இருபது வருடம் ஓடிவிட்டது. உலகத்திலேயே அது சில நூறுதான் மிச்சம் இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உங்கள் நகரத்துக்கு மேலே நிற்கும் பிச்சிஞ்சா எரிமலையின் வடமேற்குச் சரிவுதான் அதன் முக்கியமான வீடு.

எதற்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலை வேண்டாம், சுவரோவியம் வேண்டாம், இன்னொரு தீர்மானமும் வேண்டாம். அந்தச் சரிவில் காட்டை ஒட்டி மாடு வளர்க்கிறவர்களுக்கும் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கும், காட்டை விட்டுவைப்பதற்கான கூலியாக, நகரம் வருடாவருடம் பணம் தர வேண்டும். அந்தக் காட்டைத் தின்றது நகரம்தான் என்பதால் நகரத்திடம் கேட்கிறேன்.

தமிழில் எழுதினால் கித்தோவில் யார் படிப்பார்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு ஸ்பானிய மொழி வராது. யாராவது மொழிபெயர்த்து உங்களிடம் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. அதுவரை தமிழ் வாசகர்கள் படிக்கட்டும். கேமராவும் பைனாகுலரும் தூக்கிக்கொண்டு ஆண்டீஸ் மலைக்குக் கிளம்பும் தமிழர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அவர்கள் செலவழிக்கும் பணத்தைப் பற்றியும் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

அந்த வாசகர்களுக்காகக் கொஞ்சம் பறவையைப் பற்றி. நம் வீட்டுச் செம்பருத்தியில் தொங்கும் தேன்சிட்டு வேறு குடும்பம். ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. ஈக்வடார் அளவில் சின்ன நாடு. அங்கே மட்டும் 130 வகைக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் இந்தப் பஞ்சுக்கால் பார்வைக்கு அடக்கமானது. எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீளம். ஆண் தூரத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும். வெயில் சரியான கோணத்தில் விழுந்தால் தொண்டையில் ஊதா கலந்த நீலம் ஒரு நொடி பற்றி எரியும், பறவை தலையைத் திருப்பியதும் அணைந்துவிடும். பெண்ணுக்கு முதுகெல்லாம் வெண்கலப் பச்சை. இரண்டுக்கும் பொதுவானவை கால்கள்தான். தொடையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பஞ்சு உருண்டை. மலையில் குதிரை ஓட்டுகிறவர்கள் காலில் மாட்டும் ரோமத்தோல் உறைதான் சமாரோ. பெயர் அதிலிருந்து வந்தது.

இதன் இனத்துப் பறவைகள் எப்போதும் அந்தரத்தில் நின்றுகொண்டே தேன் குடிப்பதில்லை. பல நேரம் பூவைக் காலால் பற்றிக்கொண்டே குடித்துவிடும். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, சிறகடிப்பது செலவு அதிகமான வேலை. இரவுக் குளிரைத் தாங்க ஆண்டீஸின் ரீங்காரச்சிட்டுகள் பலவும் உடம்பின் சூட்டை வெகுவாக இறக்கிவிட்டு, கிட்டத்தட்ட மரத்துப்போன நிலையில் கிளையில் உட்கார்ந்திருக்கும். விடிந்ததும் உடம்பைச் சூடேற்ற வேண்டும், சூடேறியதும் தேன் வேண்டும், அதுவும் பக்கத்திலேயே வேண்டும். பூ இருக்கும் புதர் நாலு மலை தாண்டி இருந்தால் உதவாது. இந்தப் பறவை அதிகம் நம்பியிருப்பது காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த பலிகூரியா என்ற புதரின் குழாய்ப் பூக்களை. அந்தப் புதரே ஈக்வடாரைத் தவிர வேறெங்கும் இல்லாதது, அதுவும் அருகிவருவது. பறவைக்கு என்ன ஆகும் என்பதை அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.

அது வாழும் இடமும் ஒரு மெல்லிய பட்டைதான். சுமார் 2,850 மீட்டரிலிருந்து 3,500 மீட்டர் வரை, மலைமுகட்டை ஒட்டிய குட்டை மரக்காடு. பாசி போர்த்திய கிளைகள், எந்நேரமும் மேகம், மூங்கில் புதர், சேறு. அதற்கு மேலே போனால் பாராமோ எனும் மலைப் புல்வெளி. கீழே இறங்கினால் மேய்ச்சல் நிலமும் கிழங்கு வயலும். இரண்டுக்கும் நடுவே நெருக்கிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது இந்தக் காடு. வெப்பம் ஏற ஏறக் காட்டு வகைகள் மேலே நகரும் என்கிறார்கள். மேலே வருடாவருடம் புல்லுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தால் எங்கே நகர்வது?

இனி வரலாறு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரான்சின் தூதரக அதிகாரியாகக் கித்தோவில் இருந்த ஜூல் பூர்சியே, முல்சான் என்பவரோடு சேர்ந்து 1852ல் இந்தப் பறவையை அறிவியல் உலகுக்கு விவரித்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ரீங்காரச்சிட்டுத் தோலுக்குப் பெரிய சந்தை இருந்தது. தொப்பிக்கும் அலமாரிக்கும் என்று பெட்டி பெட்டியாகக் கப்பலேறியது. உலகின் அருங்காட்சியகங்களில் இந்த ஒரு வகையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடம்செய்த உடல்கள் கிடக்கின்றன. அவ்வளவு எளிதாகக் கிடைத்த பறவை 1950க்குப் பிறகு காணாமல் போனது. 1993 வரையிலான அத்தனை வருடத்தில் உறுதியான பதிவு என்று ஒன்றே ஒன்றுதான். 1980ல் மூன்று பறவைகளை ஒன்றாகப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தோல் வியாபாரம் மட்டும் அதை இந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. காடு போனது. காடு போனது கரிக்காக.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே புகையவிட்டு எடுக்கும் கரிமூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு பிச்சிஞ்சாவில் நடந்ததை விளக்க வேண்டியதில்லை. ஒரு மூட்டம் கரியாக அதைப் போலப் பல மடங்கு எடையுள்ள மரம் உள்ளே போக வேண்டும். ஈரம் சொட்டும் குட்டை மரக்காட்டில் மரங்கள் நிதானமாக வளர்பவை. ஒரு கைத்தண்டு கனத்துக்கு வரவே வெகுகாலம் ஆகும். அவற்றை வெட்டி, மூட்டம் போட்டு, மூட்டை கட்டி, கழுதையிலும் லாரியிலும் எங்கே கொண்டுபோனார்கள்? கித்தோவுக்குத்தான். உங்கள் தாத்தா பாட்டி வீட்டு அடுப்புக்கு. கரி சுட்டவர் ஏழை, வாங்கியது நகரம். மரம் போன இடத்தில் கிழங்கு வந்தது, கிழங்கு போன இடத்தில் புல் வந்தது, புல்லுக்கு மாடு வந்தது. அந்தச் சரிவிலுள்ள நோனோ கிராமத்தின் பாலும் நகரத்துக்குத்தான் வருகிறது.

இப்போது பறவை அருகிவிட்டது என்றதும் பழியைக் கொண்டுபோய்ச் சரிவில் பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறவர் தலையில் கட்டுகிறோம். எனக்கு இதுதான் ஒப்பவில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல், மன்னிக்கவும். விறகுப் பஞ்சத்துக்கு அன்றைய ஈக்வடார் கண்ட மருந்து யூக்கலிப்டஸ். 1865ல், கார்சியா மொரேனோ ஆட்சியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். அதே மரத்தை, அதே காரணத்துக்காக, அதற்கு முன்பே ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் நட்டிருந்தார்கள். சோலைக்காட்டை விறகாக்கித் தீர்த்துவிட்டு, பதிலுக்கு வேகமாக வளரும் மரம் தேடினார்கள். நீலகிரியில் அந்த மரம் சோலைக்கும் புல்வெளிக்கும் என்ன செய்தது என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் நகரத்தைப் பார்த்த சரிவுகளில் நிற்கும் யூக்கலிப்டஸ், கோடையில் எண்ணெய் ஊற்றியதுபோல எரிவதை நீங்களும் பார்த்தீர்கள். 2024 செப்டம்பரில் குவாப்புலோ பக்கம் தீ வீடுகள் வரை வந்தபோது உலகமே படம் பார்த்தது. பஞ்சுக்கால் வாழும் காடு மலைக்கு அந்தப்புறம், ஈரமான பக்கம் என்பதால் இதுவரை தப்பித்துவருகிறது. மழை தவறும் வருடங்கள் கூடிக்கொண்டே போனால் அந்த ஈரமும் எத்தனை காலத்துக்குத் தாங்கும்?

சரி, நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2001ல் ஹோகோடோகோ அறக்கட்டளை நோனோவுக்கு மேலே யனகோச்சாவில் நிலம் வாங்கிக் காப்பகம் அமைத்தது. இந்தப் பறவைக்காகவே அமைத்தது. அங்கே போகிறவர்கள் பழைய நீர்க்குழாய்த் தடத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் நடக்கலாம். அந்த உயரத்தில் மூச்சு வாங்கும் எங்களைப் போன்ற சமவெளிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். வழியில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகள் தொங்கும். உடம்பை விட நீளமான அலகு கொண்ட வாள் அலகு ரீங்காரச்சிட்டு வந்து, அந்த அலகைக் குப்பியில் எப்படி நுழைப்பது என்று பின்னால் பின்னால் நகர்ந்து இடம் பார்ப்பதைக் கண்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் காப்பகம் யாருக்காக அமைந்ததோ அந்தப் பஞ்சுக்காலைக் குப்பிகளில் எதிர்பார்த்துப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். புதருக்குள் தாழ்வாகப் பறந்து, பூவைத் தொட்டுவிட்டு மறைந்துவிடுகிற பறவை அது. போகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

ஒரு தனியார் அறக்கட்டளை நிலத்தை வாங்கிக் காப்பாற்றியதை நகரம் தன் சாதனையாகக் காட்டிக்கொள்வது கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும். தவிர, வேலி போட்ட காப்பகத்தோடு வேலை முடிவதும் இல்லை. பருவத்துக்கும் பூவுக்கும் ஏற்ப இந்தப் பறவை சரிவில் மேலும் கீழும் நகர்கிறது என்று கருதுகிறார்கள். காப்பகத்தின் எல்லைக்கல் அதற்குத் தெரியாது. அடுத்த முகட்டில் ஒரு துண்டுக் காடு, நடுவில் மேய்ச்சல், அதற்கடுத்து இன்னொரு துண்டு என்று கிடக்கும் நிலத்தை ஒட்டவைக்க வேண்டும். அந்த நடுத்துண்டுகள் எல்லாம் யாரோ ஒருவரின் பட்டா நிலம்.

ஒட்டவைப்பது இருக்கட்டும், கண்ணெதிரே வெட்டவும் விட்டார்கள். 2001 முதல் 2003 வரை, கனரகக் கச்சா எண்ணெய்க் குழாயை அமேசான் பக்கத்திலிருந்து பசிபிக் கரைக்குக் கொண்டுபோனபோது அது இந்த வடமேற்கு மலைமுகடுகள் வழியாகத்தான் போனது. வழியிலிருக்கும் மின்தோ ஊரைச் சேர்ந்தவர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்து தடுத்துப் பார்த்தார்கள். குழாய் போய்விட்டது. முகட்டுக் காட்டில் குழாய்க்காக வெட்டிய பாதை அகலத்தில் சிறியதாக இருக்கலாம், ஆனால் பாதை ஒன்று விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மாடும் கோடாரியும் உள்ளே வரும். எந்த மலையிலும் இதுதான் நடக்கிறது.

சட்டத்துக்கு உங்களிடம் பஞ்சமே இல்லை. இயற்கைக்கும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிய முதல் நாடு உங்களுடையது, 2008ல். 2018ல் யுனெஸ்கோ உங்கள் மேற்குச் சரிவுகளைச் சோக்கோ ஆண்டினோ உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. 2023 ஆகஸ்டில் அங்கே உலோகச் சுரங்கம் வேண்டுமா என்று கேட்டபோது கித்தோ மக்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். நகரத்துக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காட்டுக்காக வரிசையில் நின்று வாக்களித்தது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் ஊர்களில் இப்படி ஒரு கேள்வியை மக்களிடம் கேட்கவே மாட்டார்கள், அந்தப் பொறாமை எனக்கு உண்டு. ஏற்கனவே கொடுத்த சுரங்க உரிமங்களை அந்த வாக்கெடுப்பு தொடவில்லை என்பதும் தெரியும். அதற்கான சண்டையை உங்கள் ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள்.

ஆனால் பஞ்சுக்காலின் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது பெரிய சுரங்கம் மட்டும் இல்லை. பால் விலை இறங்கிய வருடம் இன்னும் ரெண்டு மாட்டுக்கு இடம் வேண்டியிருக்கிறது. புல் தளிர்க்கட்டும் என்று பாராமோவின் ஓரத்தில் ஒரு தீக்குச்சி கிழிக்கிறார்கள். காற்று திசை மாறுகிறது. இதை அரசியல் சட்டத்தின் எழுபத்தோராவது பிரிவை வாசித்துக்காட்டி நிறுத்த முடியாது. அந்த மனிதருக்கு மாட்டுக்குப் பதிலாக வேறு ஒரு வருமானம் வேண்டும்.

அதற்கான வழியும் நீங்களே கண்டுபிடித்து வைத்திருப்பதுதான். 2000ல் நீங்கள் தொடங்கிய ஃபோனாக் என்ற தண்ணீர்ப் பாதுகாப்பு நிதியைத்தான் சொல்கிறேன். நகரின் குடிநீர் நிறுவனம் தன் வருமானத்தில் 2 விழுக்காட்டை அதில் போட்டாக வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறது. நிதி 80 வருட அறக்கட்டளையாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த மேயர் வந்தாலும் போனாலும் கைவைக்க முடியாது. அந்தப் பணத்தில் பாராமோக் காவலர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். அண்டிசானா எரிமலைப் பக்கம் ஆடுமாடு மேய்ந்து மொட்டையான நிலத்தில் மேய்ச்சல் நின்று, புல்வெளி திரும்பியது. குழாயைத் திறக்கிற ஒவ்வொரு வீடும் மலைக்கு ஒரு சின்னத் தொகை கட்டுகிறது, கட்டுவது அதற்குத் தெரிவதுகூட இல்லை. உலகத்தில் பல நகரங்கள் வந்து பார்த்துப் படித்துவிட்டுப்போன ஏற்பாடு இது.

வடமேற்குச் சரிவில் விழும் மழை பெரும்பாலும் உங்கள் குழாய்க்கு வருவதில்லை, பசிபிக் பக்கம் ஓடிவிடுகிறது. தண்ணீரை மட்டும் கணக்குப் பார்க்கும் நிதிக்கு அந்தப் பக்கம் செலவழிக்கப் பெரிய காரணம் இல்லை என்று அதிகாரி சொன்னால் அது நியாயமான பதில்தான். அதனால்தான் தனியாகக் கேட்கிறேன். அடையாளப் பறவைக்கு என்று, அதே மாதிரியான, மேயர் மாறினாலும் மாறாத ஒரு சிறு நிதி. அதில் முதல் செலவு காட்டோர நில உடைமையாளர்களோடு ஒப்பந்தம்: இந்த ஓடைக்கு மேலே மாடு ஏறாது, இந்த முகட்டில் தீ வைப்பதில்லை, அதற்கு ஏக்கருக்கு இவ்வளவு, வருடாவருடம், தவறாமல். தவறாமல் என்பதுதான் முக்கியம். ஒரு வருடம் கொடுத்துவிட்டு மறு வருடம் நிறுத்தினால், கொடுக்காமலே இருந்ததை விட மோசம். அடுத்து யார் கேட்டாலும் நம்ப மாட்டார்கள். அப்புறம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தீக் காலத்துக்கு உள்ளூர்ப் பையன்களைச் சம்பளத்துக்குக் காவல் போடுவது. பலிகூரியா நாற்று வளர்ப்பதற்கு நோனோப் பெண்களுக்கு வேலை கொடுப்பது. அப்புறம் எண்ணுவது. வருடம் ஒருமுறையாவது, ஒரே முறையில், ஒரே இடங்களில் எண்ணிப் பார்த்து முடிவை நகரத்துக்குச் சொல்லுங்கள். அடையாளம் என்று அறிவித்தவர்கள் அது எத்தனை இருக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

எங்கள் தமிழ்நாட்டின் மாநில விலங்கு நீலகிரி வரையாடு. அதுவும் மலைமுகட்டுப் பிராணி, அதுவும் புல்வெளியும் சோலையும் சுருங்கியதால் ஒடுங்கியது. பல காலம் அது பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்தது. 2022 இறுதியில் அரசு அதற்கென்று திட்டம் போட்டு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தத் திட்டத்தில் ஆயிரம் குறை சொல்லலாம், எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். ஆனாலும் பணம் என்று ஒன்று வந்த பிறகுதான் இரண்டு மாநிலமும் சேர்ந்து எண்ணத் தொடங்கின, எங்கே எத்தனை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வந்தது. பட்ஜெட் இல்லாத அடையாளம் படமாகத்தான் இருக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். உங்கள் நாட்டு நிலைமை தெரியாமல் பேசவில்லை. 2024ல் வன்முறைக் கும்பல்களோடு யுத்தம், வறட்சியில் அணை வற்றி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர மின்வெட்டு, எரிந்த மலைகள். இதற்கு நடுவில் ஒரு குருவிக்கா பணம் என்று மன்றத்தில் யாராவது கேட்டால் கைதட்டல் விழும். எனக்குத் தோன்றுவது இதுதான்: கேட்கிற தொகை ஒரு சாலைப் பாலத்தின் விலைகூட இல்லை. அதில் ஒரு பங்கை வெளியிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கலாம். பறவையை அடையாளமாக்கிய அதே 2005ல்தான் பிச்சிஞ்சாச் சரிவில் டெலிஃபெரிகோ கேபிள் காரும் ஓட ஆரம்பித்தது. அதில் ஏறுகிற ஒவ்வொருவரும் அந்த மலையைத்தான் பார்க்கப் போகிறார்கள். டிக்கெட்டோடு ஒரு சின்னத் தொகையைச் சேருங்கள். மின்தோவிலும் நோனோவிலும் தங்குகிற வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்களிடம் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். நாங்கள் லென்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு விடுதி அறையில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரசீதில் அச்சடித்து வந்தால் மறுபேச்சு இல்லாமல் கட்டிவிடுவோம்.

இன்னொன்று. இந்தப் பறவை பிற்பாடு இன்டாக் பக்கம், டொய்சான் மலைத்தொடரிலும் கிடைத்தது. அது உங்கள் எல்லைக்கு வெளியே, இம்பாபுரா மாகாணம். அங்கே மக்கள் தாமிரச் சுரங்கத்தை எதிர்த்து முப்பது வருடமாகப் போராடுகிறார்கள், யுரிமாகுவா சுரங்கத் திட்டத்தின் உரிமங்களை 2023ல் மாகாண நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் அடையாளப் பறவையின் மற்றொரு வீட்டைக் காக்கிறவர்கள் அவர்கள். ஒரு நன்றிக் கடிதமாவது போயிருக்கிறதா? நகர மன்றம் அவர்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒரே முறையில் பறவையை எண்ண ஓர் ஏற்பாடு செய்தால் செலவு மிகக் குறைவு.

உங்கள் அடுத்த பட்ஜெட் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தனிப் பொருளாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் சொல்லுங்கள், அதையும் தமிழில் போட்டு எங்கள் வாசகர்களுக்குத் தருகிறேன். முடியும் என்றால் வரும் ஜூன் மாதத்துக்குள், தீக் காலம் தொடங்கும் முன்பே, முதல் ஒப்பந்தம் நோனோவில் கையெழுத்தாகிவிட வேண்டும்.

அன்புடன்,
பறவை பார்க்கும் ஒரு தமிழ் வாசகர்